இன்று நீர் விட வேண்டிய வயல்: தனி அலுவலர்

"பீரோவுல வச்சிப் பூட்டினா அது எப்டி மேடம் விடுதலை ஆவும்..."

"முதல்ல வரிசைல வாங்கம்மா, வரிசைல..."

"வரிசைல நான் ஒருத்திதானே நிக்கிறேன்!"

"ஒருத்தரா இருந்தாலும் வரிசை வரிசைதான். பின்னாடி போய் நின்னு முன்னாடி வாங்க."

லீலாவதி பின்னால் போய் நின்றாள். அவளுக்கு முன்னால் யாரும் இல்லை. ஜன்னலுக்கு உள்ளேயிருந்த எழுத்தர் ஸ்ரீலேகா ஒரு டோக்கனைக் கிழித்து வைத்துவிட்டு, காலி வராந்தாவைப் பார்த்து, "டோக்கன் ஒண்ணு!" என்று குரல் கொடுத்தாள்.

லீலாவதி மறுபடியும் ஜன்னலுக்கு வந்தாள். "என்னோட புரோகிராம ஒரே ஒரு தபா ஓட்டி, ஒரு பேப்பர் அச்சடிக்கணும். அதுக்கு இன்னா பண்ணணும்?"

"'என்னோட'ன்னு இங்க சொல்லக் கூடாது. அந்த வார்த்தைய ஒழிக்கத்தான் இந்த வாரியமே."

"சரி. அந்த புரோகிராம ஓட்டணும்."

"படிவம் ஏழு. பயனர் விடுதலைச் சான்றுக்கு விண்ணப்பம். கூடவே, எழுதினவர் கிட்டேர்ந்து ஆட்சேபணை இல்லைன்னு ஒரு கடிதம்."

"எழுதினது நான்தான்."

"அப்ப உங்களுக்குச் சான்று கிடைக்காது. எழுதினவங்க பிடியிலேர்ந்து மக்கள விடுவிக்கிறோம். உங்களுக்கே குடுத்துட்டா யார யார் கிட்டேர்ந்து விடுவிச்சீங்கன்னு தணிக்கைல கேப்பாங்க."

"அப்ப நான் எழுதலன்னே வச்சிக்குங்க."

"அப்ப எழுதினவரோட கடிதம் வேணும்."

"எழுதினவங்க யாருன்னு போட்டுகீது அதுல?"

ஸ்ரீலேகா பதிவேட்டைப் புரட்டி, விரல் வைத்துப் படித்தாள். "'எழுதினவர்: விடுவிக்கப்பட்டார்.'"

"எங்க போனாராம் அவுரு?"

"அது இந்தப் பதிவேட்டுல வராதும்மா."

தொண்டை வட்டார ஊரக மென்பொருள் விடுதலை வாரியம் உத்திரமேரூரில் ஒரு பழைய கல்யாண மண்டபத்தில் நடந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காரும் மேடையில் தனி அலுவலர் வேதகிரி சுழல் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மணமகள் அறையில் கணக்குப் பிரிவு. சமையல்கட்டில் உரிமப் பிரிவு. பந்திக்கு சாம்பார் வாளி நீட்டுகிற ஜன்னல்தான் மனு வாங்குகிற ஜன்னல். வாசலில் 'நல்வரவு' என்று ஜிகினாவில் எழுதியிருந்ததை மட்டும் யாரும் கழற்றவில்லை. கழற்ற எந்தப் படிவம் என்று தெரியவில்லை.

லீலாவதி உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் ஜாப் டைப்பிங் கடை வைத்திருந்தவள். பாலிடெக்னிக் படிப்பு. சாலவாக்கத்தைத் தாண்டி பனங்காட்டேரி அவளுடைய ஊர். அங்கே ஏரித் தண்ணீருக்காக மூன்று வருஷத்தில் மூன்று மண்டை உடைந்தது. மேல்மடைக்காரர்கள் முதலில் பாய்ச்சிக்கொள்வார்கள். கடைமடைக்கு ஈரம் வரும்போது ஏரியில் சேறுதான் இருக்கும். லீலாவதி ராத்திரி பகலாக உட்கார்ந்து ஒரு புரோகிராம் எழுதினாள். யாருக்கு எத்தனை மணி நேரம் குறைந்தது, வாய்க்காலில் எவ்வளவு உறிஞ்சியது, வயல் எவ்வளவு தூரம் என்று எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு, அடுத்த முறைத் தண்ணீர் யாருக்கு என்று அது சொல்லும். அதற்கு யாருடைய மச்சானையும் தெரியாது.

ஊர் முதலில் நம்பவில்லை. ஒரு முறை பார்த்தார்கள், இரண்டு முறை பார்த்தார்கள். பிறகு கன்னியம்மன் கோயிலில் கற்பூரத்தை அணைத்து நாற்பத்திரண்டு குடும்பமும் சத்தியம் செய்தது: பேப்பரில் பெயர் வந்தால்தான் மதகு திறக்க வேண்டும். மதகைத் திறந்து மூடுகிற நீர்க்கட்டி ஆண்டிதான் கடைசியாகக் கற்பூரத்தில் கை வைத்தவர். அதற்கப்புறம் நாலு வருஷம் ஒரு மண்டையும் உடையவில்லை.

அப்போதுதான் வாரியம் வந்தது. "எழுதுங்கள்! விடுதலை செய்யுங்கள்! எல்லா ஏரிக்கும் போய்ச் சேரட்டும்!" என்று சுவரெல்லாம் போஸ்டர். லீலாவதிக்குப் பிடித்திருந்தது. நம் ஏரிக்கு ஆனது மற்ற ஏரிகளுக்கும் ஆகட்டும், யார் வேண்டுமானாலும் பார்க்கட்டும், தப்பு இருந்தால் திருத்தட்டும் என்று கையெழுத்துப் போட்டாள். சால்வை போர்த்தினார்கள். சால்வையை மடித்துக்கொண்டு வீட்டுக்கு வருவதற்குள் கடையில் இருந்த கம்ப்யூட்டர், சிடி, ஃப்ளாப்பி எல்லாம் ஜீப்பில் ஏறிவிட்டன. மூலப்பிரதி, நகல், அச்சு மூன்றும் விடுதலை அடைய வேண்டுமாம். இரட்டைப் பூட்டுப் போட்ட பீரோவில் அவை விடுதலை அடைந்தன.

இது 2006ஆம் வருஷம் மாசி மாதம். நவரைப் பயிர் பொதி கட்டி நின்றது. கதிர் வெளியே வருகிற அந்தப் பத்துப் பதினைந்து நாளில் தண்ணீர் இல்லாவிட்டால் வருவது பதர்தான். ஏரியில் தண்ணீர் கரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. பேப்பர்தான் இல்லை.

"சத்தியம் கித்தியம் எல்லாம் பேப்பர் இருந்த காலத்துக்கு. பயையபடி மேல்மடைலேர்ந்து வுடுங்க" என்றார் மேல்மடை லோகநாதன்.

"வுட்டுப் பாரு, வெட்டுக் குத்து ஆவும்" என்றது கடைமடை.

"நான் தொறக்க மாட்டேன். கற்பூரத்த அணைச்ச கை இது" என்றார் ஆண்டி.

ஆகையால் யாரும் திறக்கவில்லை. எல்லோரும் மதகைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைமடையில் முக்கால் ஏக்கர் வைத்திருந்த எல்லம்மாள் மட்டும் வயலுக்கும் மதகுக்கும் நடந்துகொண்டிருந்தாள்.

"ம்மே லீலா, நீயே இன்னொரு தபா எய்திட்டா இன்னா?"

"எழுதலாம்க்கா. நாலு வருஷத்து மொறைக் கணக்கு பீரோவுக்குள்ள கீதே. அது இல்லாம நான் எழுதினா, லோகநாதன் சொல்ற மொறையும் ஒண்ணுதான், நான் சொல்ற மொறையும் ஒண்ணுதான்."

"அப்ப போய்க் கேளு."

"கேட்டுக்கினுதான் கீறேன்."

கேட்டதன் பலனாக, மதகு மூடிக் கிடந்த ஐந்தாம் நாள் ஊருக்கு ஜீப் வந்தது. வாரியத்தின் பறக்கும் படை. படை என்றால் கண்காணிப்பாளர் ஞானதாஸ், ஒரு டிரைவர், ஒரு அரக்கு டப்பா. சான்று இல்லாமல் யாராவது முறை பார்த்துத் தண்ணீர் விடுகிறார்களா என்று சோதனை.

"நீதான் நீர்க்கட்டியா?"

"ஆமா சார்."

"போன முறை யார் யாருக்குத் தண்ணி விட்டே?"

ஆண்டி கண்ணை மூடிக்கொண்டு, மேல்மடை லோகநாதனில் ஆரம்பித்து, நாற்பத்திரண்டு பெயரையும் நேரத்தோடு மூச்சு விடாமல் ஒப்பித்தார். சொல்லி முடித்துப் பெருமையாகக் கண்ணைத் திறந்தபோது ஞானதாஸின் முகம் மாறியிருந்தது.

"இது நகல்" என்றார்.

"எது சார்?"

"அச்சுப் பிரதியை அப்படியே மண்டைக்குள்ள வச்சிருக்கே. அனுமதி இல்லாத சேமிப்பு."

"மண்டையக் கயட்டிக் குடுக்கணுமா சார்?"

"அந்த அளவுக்குச் சட்டத்துல இடமில்ல. திருத்தம் கொண்டு வந்துட்டு இருக்கோம். இப்போதைக்கு மறதி உறுதிமொழி குடுத்தாப் போதும்." ஒரு தாளை நீட்டினார்.

ஆண்டி எழுத்துக் கூட்டிப் படித்தார். "'மேற்படி விவரத்தை நான் மறந்துவிட்டேன் என்று உறுதி கூறுகிறேன்.' எத்த மறக்கணும்னு இதுல எய்தலயே சார்?"

"எழுதினா அதுவும் நகலாயிடும்."

"நாளைக்கி நெனப்பு வந்துட்டா?"

"உடனே அலுவலகத்துக்கு வந்து தெரிவிக்கணும். வேலை நாள்ல மட்டும்."

ஆண்டி கையெழுத்துப் போட்டார். ஞானதாஸ் பார்வையைச் சுற்றிலும் ஓட்டினார். பேப்பர் மாட்டுகிற ஆணி ஒன்று மதகுச் சுவரில் இருந்தது. அதன்மேல் அரக்கு வைத்து முத்திரை குத்தினார். போகும்போது எல்லம்மாள் ஜீப்பை மறித்தாள்.

"சார், பயிரு காயுது. ஒரே ஒரு பேப்பர் சார்."

"அம்மா, நாங்க உங்களுக்காகத்தான் பாடுபடறோம். இதுவரைக்கும் நீங்க ஒரு பேப்பருக்கு அடிமையா இருந்தீங்க. இப்ப இல்ல. கொஞ்ச நாள்ல பழகிடும்."

ஜீப் போய்விட்டது. "இன்னாம்மே சொல்ட்டுப் போறான்?" என்று கேட்டார் ஆண்டி.

"பயகிடுமாம்" என்றாள் எல்லம்மாள்.

பதினோராம் நாள் லீலாவதி மறுபடியும் ஜன்னலுக்குப் போனாள். ஒரு ஆளாக வரிசையில் நிற்க இப்போது அவளுக்கு நன்றாக வந்துவிட்டது. டோக்கனுக்குக் காத்திருந்தபோது அறிவிப்புப் பலகை கண்ணில் பட்டது. புள்ளி புள்ளியாக அச்சடித்த ஒரு தாள். அந்த அச்சு அவளுக்குத் தெரியும். அந்தக் கட்டங்களை வரைந்தவளே அவள்தான்.

"இன்று நீர் விட வேண்டிய வயல்: தனி அலுவலர் (வேதகிரி). மதகு திறக்கும் நேரம்: காலை 9.30. மூடும் நேரம்: மாலை 5.00. நாளைய வயல்: கண்காணிப்பாளர் (ஞானதாஸ்). எலி வளை இருந்தால் நீர்க்கட்டியிடம் தெரிவிக்கவும்."

இரண்டு தரம் படித்துவிட்டு ஜன்னலில் குனிந்தாள். "மேடம், இது இன்னாது?"

ஸ்ரீலேகா அக்கம்பக்கம் பார்த்தாள். "ஜீப்பு."

"ஜீப்பா?"

"ஆபீசுக்கு ஒரு ஜீப்பு, ஏழு அதிகாரிங்க. யாருக்கு என்னிக்குன்னு ஒரே பேஜாரு. ஒரு நாள் மேடையிலயே சட்டையப் பிடிச்சிக்கிட்டாங்க. அப்பறம்தான் பீரோவுலேர்ந்து உங்களுத... அந்த மென்பொருள எடுத்துப் போட்டாங்க. ஜீப்ப ஏரியாவும் அதிகாரிங்கள வயலாவும் வச்சிக்கிட்டா சரியா வேலை செய்யுது. சண்டையே இல்ல."

"மேல இருக்கற தலைப்பையாவது மாத்தியிருக்கலாமே?"

"மாத்தத் தெரிஞ்சது எழுதினவங்களுக்குத்தான். எழுதினவங்க தொடக் கூடாதுன்னு விதி. நேத்துகூட ஒரு அதிகாரி பேருக்குப் பக்கத்துல 'இவர் வயல்ல எலி வளை'ன்னு ஒருத்தர் பென்சில்ல எழுதிட்டாருன்னு விசாரணை நடக்குது."

"வாரியம் இதுக்குச் சான்று வாங்கிடுச்சா மேடம்?"

"சான்றா? இதுவரைக்கும் ஒருத்தருக்கும் குடுத்தது இல்லயே. சான்று அச்சடிக்கிற காயிதமே இன்னும் வந்து சேரல."

லீலாவதி பலகையை இன்னொரு தரம் பார்த்தாள். பிறகு, "அந்த உரிம விதிப் புத்தகம் ஒண்ணு கிடைக்குமா?" என்று கேட்டாள்.

ஸ்ரீலேகாவுக்கு அது புதிதாக இருந்தது. இதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை, எழுதியவர்களும் கேட்டதில்லை. நாற்பத்தோரு பக்கம். கட்டாகக் கிடந்ததிலிருந்து ஒன்றைத் தூசி தட்டிக் கொடுத்தாள்.

சாலவாக்கம் பஸ்ஸில் லீலாவதி அதைப் படித்துக்கொண்டே போனாள். முப்பத்தெட்டாம் பக்கத்தில் பதினேழாம் பிரிவு இருந்தது. அதை மூன்று முறை படித்தாள். மூன்றாம் முறை சிரிப்பு வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் அந்தச் சிரிப்பைப் பார்த்து ஜன்னல் பக்கமாக நகர்ந்துகொண்டாள்.

மதகடியில் எல்லோரும் இருந்தார்கள். "அடுத்த வாரம் வெள்ளிக்கிழம வாரியத்துக்கு ஆண்டு விழாவாம். நாற்காலி ரொப்ப ஊர்ஊரா ஜனம் கூப்புடறாங்க. நாமளும் போலாம்" என்றாள்.

"இன்னாத்துக்கு? அவன் போட்டுக்கற மாலைக்குக் கை தட்டவா?" என்றாள் எல்லம்மாள்.

"கேளுங்கக்கா. ஆண்டி அண்ணா, ஊர்ல யார் யார் கிட்ட ஸ்பானர் கீது?"

"ஸ்பானரா? மோட்டார் ரிப்பேர் பண்ற மூணு பேர் கிட்ட கீது."

"எடுத்துக்கினு வரச் சொல்லுங்க. கோணியும் கொஞ்சம் கொண்டாங்க."

வெள்ளிக்கிழமை பத்தொன்பதாம் நாள். காலையில் எல்லம்மாள் வயலுக்குப் போய்விட்டுத்தான் டிராக்டரில் ஏறினாள். முந்தானையில் எதையோ முடிந்து வைத்திருந்தாள்.

மண்டபம் நிறைய ஜனம். விழா புறாவில் ஆரம்பித்தது. புறாவின் காலில் ஒரு சிடியைக் கட்டி, வேதகிரி இரண்டு கையாலும் மேலே வீசினார். சிடியின் கனத்தில் புறா தொப்பென்று விழுந்து, சிடியை இழுத்துக்கொண்டு நடந்தே போய்ச் சமையல்கட்டு ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்தது. "விடுதலை அடைந்துவிட்டது!" என்று ஞானதாஸ் மைக்கில் அறிவித்தார். எல்லோரும் கை தட்டினார்கள்.

பிறகு வேதகிரி பேசினார்.

"ஆயிரம் வருடத்துக்கு முன்பே குடவோலை போட்ட மண் இது! இந்த மண்ணுக்கு நான் சுதந்திரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் நாற்பது நிமிடம் சொல்கிறேன். சுதந்திரம் என்பது மிக உயர்ந்த பொருள். உயர்ந்த பொருளை ஜனங்கள் கையில் கொடுத்தால் என்ன செய்வார்கள்? உபயோகப்படுத்திவிடுவார்கள். உபயோகப்படுத்தினால் தேய்ந்துவிடும். அதனால்தான் வாரியம் அதை வாங்கிப் பத்திரமாக வைத்திருக்கிறது. இந்த ஓராண்டில் அறுபத்து மூன்று மென்பொருள்களை விடுவித்திருக்கிறோம். அதில் ஒன்றுகூட இந்தக் கட்டடத்தை விட்டு வெளியே போகவில்லை என்பதைப் பெருமையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்!"

முதல் வரிசை கை தட்டியது.

"எழுதியவர்கள் சிலர் வந்து உரிமை கேட்கிறார்கள். எழுதியவர் என்பவர் யார்? எழுதும்போது மட்டும் தேவைப்படுகிறவர். எழுதி முடித்த பிறகு அவருக்கு அங்கே என்ன வேலை? பசு கன்று போடுகிறது. போட்ட பிறகு, இது என்னுடையது என்று பசு சொல்லுமா?"

"சொல்லும் சார்" என்றாள் பின்வரிசையிலிருந்து எல்லம்மாள். "கிட்ட போய்ப் பாருங்க, முட்டும்."

சிரிப்பு எழுந்தது. வேதகிரியின் முகம் சிவந்தது. விதிப் புத்தகத்தை உயர்த்திப் பிடித்தார்.

"பனங்காட்டேரிக்காரர்கள் வந்திருப்பது தெரிகிறது. நல்லது. உங்களுக்காகவே படிக்கிறேன், காது கொடுத்துக் கேளுங்கள். பிரிவு பதினேழு! 'உரிய சான்று பெறாமல் விடுதலை மென்பொருளைப் பயன்படுத்தும் நிலமோ, கட்டடமோ, அமைப்போ எதுவாயினும், அந்தக் கணம் முதல் அதுவும் தன் உடைமைகள் அனைத்துடன் விடுதலை பெற்றதாகும். விடுதலை பெற்ற எதையும் எவரும் திறக்கலாம், பார்க்கலாம், மாற்றலாம், பிரித்துக்கொள்ளலாம், எடுத்துச் செல்லலாம். தடுப்பவர் விடுதலையின் எதிரியாகக் கருதப்படுவார்.' புரிகிறதா? ஒரு சொட்டுத் தண்ணீர், சான்று இல்லாத முறைப்படி போகட்டும். உங்கள் மதகு உங்களுடையது இல்லை, ஏரி உங்களுடையது இல்லை!"

லீலாவதி எழுந்தாள். "சார், ஒரு சந்தேகம். வாரியத்துக்குச் சான்று கீதா?"

"எதுக்கும்மா?"

"வெளியில பலகைல ஒட்டிகீதே. 'இன்று நீர் விட வேண்டிய வயல்: தனி அலுவலர்.' அது அந்த புரோகிராம்தானே? இத்தினி நாளா ஓட்றீங்களே, சான்று யாரு குடுத்தது?"

வேதகிரி சிரித்தார். "வாரியத்துக்கு எதுக்கும்மா சான்று? இந்த விதிய எழுதினதே நாங்க."

"எழுதினவங்களுக்கு இங்க இன்னா வேலைன்னு நீங்கதான சார் இப்ப மைக்குல கேட்டீங்க?"

வேதகிரி பக்கத்தில் பார்த்தார். "ஞானதாஸ், விளக்கம் சொல்லுங்க."

ஞானதாஸ் விதிக்குக் கட்டுப்பட்ட மனிதர். புத்தகத்தை வாங்கி நிதானமாகப் படித்தார். "சார், 'அமைப்பு எதுவாயினும்'னு இருக்கு. நாமளும் அமைப்புதான். 'எவரும்'னு இருக்கு."

"அதனால?"

"அந்தக் கணம் முதல் நாம விடுதலை பெற்றுட்டோம் சார். இத்தன நாளா தெரியாமலே இருந்திருக்கோம்." சொல்லிவிட்டு அவர் கொஞ்சம் யோசித்தார். "எவரும்னா அலுவலர்களும் அடங்குவாங்க" என்றார். தனி அலுவலரின் சுழல் நாற்காலியை உருட்டிக்கொண்டு மேடையை விட்டு இறங்கினார். வாரியம் தொடங்கிய நாளிலிருந்தே அவருக்கு அந்த நாற்காலிமேல் ஒரு கண்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் விதிப்படியே நடந்தது.

முதலில் 'திறக்கலாம்'. பீரோவின் இரண்டு பூட்டையும் ஆண்டி கடப்பாரையால் திறந்தார். அடுத்தது 'பார்க்கலாம்'. கோப்புகளைப் பிரித்து வராந்தாவில் சத்தமாகப் படித்தார்கள். வேதகிரி தன் மகள் கல்யாணத்துக்கு ஜீப்பில் சமையல்காரரை அழைத்து வந்ததற்கு 'விடுதலைச் சுற்றுப்பயணம்' என்று எழுதியிருந்த பக்கத்தை ஜனங்கள் மறுபடியும் ஒரு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டார்கள். 'பிரித்துக்கொள்ளலாம்' என்பதற்கு ஸ்பானர்கள் வந்தன. ஜீப்பின் நாலு சக்கரமும் நாலு ஊருக்குப் போயின. ஸ்டியரிங்கை ஒருவர் கழுத்தில் மாட்டிக்கொண்டு போனார். வாசல் கதவு கீலோடு வந்தது. மின்விசிறிகள் கோணிக்குள் போயின.

"கொள்ளை! இது கொள்ளை!" என்று வேதகிரி மைக்கில் கத்தினார்.

"இல்ல சார், பக்கம் முப்பத்தெட்டு" என்றாள் லீலாவதி.

"போலீசைக் கூப்பிடுவேன்!" போனை எடுத்தார். "ஹலோ, ஸ்டேஷனா? நான் தனி அலு..." என்பதற்குள் வயர் போய்விட்டது. ரிசீவரையும் ஒரு பெண் பணிவாகக் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். மைக் செட்காரர் மட்டும் பாவம், வாடகைக்கு வந்தவர். அவருடைய பெட்டியை அவரே தலையில் வைத்துக்கொண்டு ஓடினார்.

ஸ்ரீலேகா பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டு, மையால் அடித்திருந்த பெயர்களை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் படித்தாள். மாகறலிலிருந்து ஒருவர், திருப்புட்குழியிலிருந்து ஒருவர் என்று அறுபத்து மூன்று பேர். எழுதியவர் யாரோ அவர் ஊர்க்காரர் கையில் சிடியைக் கொடுத்து, டோக்கன் இல்லாமலே அனுப்பினாள்.

வேதகிரி லீலாவதியிடம் வந்தார். சத்தம் இறங்கியிருந்தது. "உனக்கு உன் பேரு வேணும், அவ்வளவுதானே? போட்டுடறேன். பெருசா போட்டுடறேன். இவங்கள நிறுத்தச் சொல்லு."

"பேருதான் சார் வேணும். தண்ணி தப்பாப் போச்சின்னா யார் வூட்டு வாசல்ல வந்து நின்னு திட்டறதுன்னு ஊருக்குத் தெரியணும்ல? அதுக்குத்தான் பேரு. புரோகிராம யார் வேணா எடுத்துக்கட்டும், யார் வேணா திருத்தட்டும். நான் சொன்ன விடுதலை அதுதான். நீங்க திட்டு வாங்கறதுக்குக்கூட ஆள் இல்லாம பண்ணிட்டீங்களே."

"அதான் தப்புன்னு சொல்றேனே. நிறுத்தச் சொல்லும்மா."

"தடுத்தா நான் எதிரி ஆயிடுவேனே சார்" என்றாள் லீலாவதி.

கம்ப்யூட்டரை மட்டும் யாரும் தூக்கவில்லை, அதன்முன் லீலாவதி உட்கார்ந்திருந்தாள். ஏழு வயல்களையும் அழித்தாள். நாலு வருஷத்துக் கணக்கைத் திரும்பப் போட்டாள். பிரின்டர் கரகரவென்று தாளைத் தள்ளியது. ஆண்டி அதைக் கிழித்துக் கையில் வாங்கினார். படித்தார். படித்துவிட்டு லீலாவதியிடம் காட்டினார்.

"இன்று நீர் விட வேண்டிய வயல்: எல்லம்மாள்."

"நான் போறேன்" என்று ஆண்டி தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். டிவிஎஸ் வண்டியை உதைத்துக் கிளப்பி, அவர் போன சத்தம் சாலவாக்கம் ரோட்டில் கொஞ்ச நேரம் கேட்டது. பின்னால் நட்ட முப்பது நாற்பது வயலுக்கு இன்னும் காலம் இருந்தது. தண்ணீர் போனால் பிழைத்துவிடும்.

எல்லம்மாள் டிராக்டரில் ஏறவில்லை. அவள் ஒரு கோணியும் கொண்டுவந்திருக்கவில்லை. இவ்வளவு நேரம் ஒரு ஆணியைக்கூடத் தொடாமல் தூணோரம் நின்றுகொண்டிருந்தாள். மண்டபம் காலியானதும் மேடைக்குப் போனாள்.

வேதகிரி மேடைப் படியில் உட்கார்ந்திருந்தார். மேலே விசிறி இருந்த இடத்தில் கொக்கி தொங்கியது. எல்லம்மாள் எதிரில் தரையில் உட்கார்ந்து முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். காலையில் பறித்த கதிர்கள். வெளுத்துப் போய், கனமில்லாமல் விறைத்துக் கிடந்தன. ஒரு நெல்லை எடுத்து நகத்தால் நசுக்கினாள். உள்ளே ஒன்றும் இல்லை. உமியை ஊதினாள். இன்னொன்றை நசுக்கினாள்.

"எம் பேரு மொதல்ல வந்துகீது சார்" என்றாள். "ஆண்டி போய்க்கினுகீறாரு, தொறக்கறதுக்கு. இந்நேரம் சாலவாக்கம் தாண்டியிருப்பாரு."

"அம்மா, உங்க நிலமை எனக்குப் புரியுது. இதுக்குன்னு ஒரு நடைமுறை இருக்கு. நீங்க ஒரு மனு..."

"அத்த வுடுங்க." கையில் இருந்த பதரை அவர் மடியில் கொட்டினாள். "இன்னிக்கி மத்தியானம் உங்க வூட்ல இன்னா சோறு சார்?"